சென்னை ரெஜிஸ்ட்ரேஷன் கார் கோவையில சீப்பா வருது, வெள்ளத்துல நின்ன வண்டியான்னு எப்படி கண்டுபிடிக்கிறதுங்க?

ஒண்டிபுதூர்காரன்

வணக்கமுங்க. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்குது, ஆட்டோவுல கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றது அவருக்கு ரொம்ப சிரமமா இருக்குது, அதனால செகண்ட்ஹேண்ட் கார் ஒண்ணு தேடிட்டு இருக்கேன். வீட்டுல எல்லாருமே ஓட்டணும்னு ஆட்டோமேட்டிக் தான் பார்க்கறோம். இப்ப ஒரு டீலர்கிட்ட 2019 பலேனோ சிவிடி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஒரு வகை) வந்திருக்குது, டிஎன் 14, சிங்கிள் ஓனர், 46 ஆயிரம் கிமீ, 5.20 லட்சம் சொல்றாங்க. இதே வருஷம், இதே மாடல் நான் பார்த்த மத்த வண்டியெல்லாம் 6 லட்சத்துக்கு மேல தானுங்க சொல்றாங்க.

ஓனர் ஃபாரின் போயிட்டாரு, அவசரத்துக்கு குடுக்கறாருன்னு சொல்றாங்க. ஆன்லைன்ல ஆர்சி பார்த்தேன், லோன் இல்ல, இன்சூரன்ஸ் ஓடுது, எல்லாம் கிளீனா இருக்குது. ஓட்டியும் பார்த்தேன், ஸ்மூத்தா தான் போகுது. ஆனா உள்ள உட்கார்ந்தா சென்ட் வாசம் மூக்கைத் துளைக்குது, சீட் கவர், மேட் எல்லாமே புதுசு. வேற பார்ட்டி வர்றாங்க, நாளைக்குள்ள 10,000 அட்வான்ஸ் போடுங்கன்னு அவசரப்படுத்தறாங்க. சென்னை வண்டின்னதும் வெள்ளம் ஞாபகம் வந்துருச்சு. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

மடிப்பாக்கம்_மழை

தம்பி, முதல்ல அட்வான்ஸ் போடாதீங்க. டிஎன் 14னா சோழிங்கநல்லூர் ஆர்டிஓ, அந்தப் பக்கத்து ஏரியா நிறைய 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணியில நின்னது. பள்ளிக்கரணையில அபார்ட்மென்டுக்குள்ள இருந்து கார் மிதந்து போன வீடியோ நீங்களும் பார்த்திருப்பீங்க, அந்த ஒரு இடம் மட்டும் இல்ல, வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம்னு எல்லா பக்கமும் பேஸ்மென்ட் பார்க்கிங்ல இருந்த வண்டிங்க டிசம்பர் 4 காலையில கூரை வரைக்கும் முழுகி கிடந்துச்சு, எங்க தெருவுல தண்ணி வடிய ரெண்டு நாள் மேல ஆச்சு, அப்புறம் ஒரு மாசத்துக்கு டோ வண்டி தான் தெருவுல போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்த உடனே ஜனங்க வேளச்சேரி மேம்பாலத்துல கொண்டு போய் காரை நிறுத்தினாங்கல்ல, அது அந்த பயம் தான்.

அந்த வண்டிங்க எல்லாம் எங்க போச்சு? எல்லாமே காயலான் கடைக்குப் போகல. சென்னையில வாங்குறவங்க வெள்ளத்தைப் பத்திக் கேட்பாங்கன்னு தெரியும், அதனால தான் கோவை, சேலம், பெங்களூர்னு வெளியூருக்குப் போகுது. ஆர்சி கிளீன்னு சொல்றீங்க, ஆனா நம்ம ஊர் ஆர்சியில வெள்ளத்துல முழுகின வண்டின்னு குறிக்கறதுக்கு ஒரு இடமே கிடையாது. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல ஓனர் எத்தனாவது ஆளு, லோன் இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, இதெல்லாம் தான் தெரியும். வண்டி கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னிருந்தாலும் அதுல ஆக்டிவ்னு தான் காட்டும்.

நெல்லை_ஒர்க்‌ஷாப்

தம்பி, 2023 டிசம்பர் 17, 18ல எங்க பக்கம் பெஞ்ச மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட. தாமிரபரணி ஊருக்குள்ள வந்து, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் இருந்து வந்த வண்டிகளைப் பிரிச்சுப் பாத்தவன் நான், அதனால சொல்லுதேன் பாத்துக்கிடுங்க.

சென்ட் வாசத்தை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீய, எல்லா டீலரும் அடிக்கத்தான் செய்வான். கண்ணாடியெல்லாம் ஏத்தி, ஏசியைப் போடாம, வெயில்ல ஒரு மணி நேரம் வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. பொறவு கதவைத் தொறந்ததும் மொத மூச்சுலயே தெரியும். சேத்து வாடை சென்டுக்குள்ள அடங்காது. அதுக்கு அடுத்தாப்ல ஏசி புளோயரை ஃபுல்ல வச்சு மூஞ்சிய கிட்ட கொண்டு போங்க.

சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க. பாதி இல்ல, இனி வராதுங்கிற வரைக்கும். யாரும் பெல்ட்டோட அடி முனைய கழுவ மாட்டான், அங்கன ஒரு கோடு மாதிரி கலர் மாறி, விரல வச்சுத் தேச்சா களிமண் பொடி ஒட்டும். பெல்ட்டு புதுசா பளபளன்னு இருந்தா அடியில ஒரு துணி லேபிள் இருக்கும், அதுல பெல்ட்டு செஞ்ச தேதி போட்டிருப்பான். 2019 வண்டியில 2024 பெல்ட்டு எதுக்கு வந்துச்சுன்னு கேளுங்க. ஆக்சிடென்டுலயும் மாத்தியிருக்கலாம், ஆனா ரெண்டுமே நமக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான்.

கதவு ஓரத்துல மிதிக்கிற இடத்துல பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு இருக்கும், கையாலயே மேல இழுத்தா கிளிப்பு விட்டு வந்துரும். அதை எடுத்துட்டு கார்பெட்டு ஓரத்தைத் தூக்கி உள்ள கைய விடுங்க. கார்பெட்டுக்கு அடியில திக்கா ஒரு ஃபோம் இருக்கும், அது தண்ணி குடிச்சா மாசக்கணக்குல காயாது, மேல கார்பெட்டு காஞ்சு கெடக்கும், அடியில ஈரம் தகரத்தைத் தின்னுக்கிட்டே இருக்கும். பொறவு டிரைவர் சீட்டுக்கு அடியில டார்ச் அடிங்க. சீட்டு ஸ்பிரிங்கு, சீட்டு ரெயில் போல்ட்டு, பெடலுக்கு மேல டேஷ்போர்டுக்கு அடியில இருக்க ஸ்க்ரூ தலை, இதெல்லாம் மழை படாத எடம். அங்க துரு இருந்தா தண்ணி உள்ள ஏறித்தான் இருக்கு. ஸ்டெப்னி குழியையும் பாருங்க, ஆனா அதைத்தான் மொதல்ல கழுவி பெயின்ட் அடிச்சு வச்சிருப்பான்.

எலக்ட்ரிக்கல் தான் பெரிய வினை. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் அனேக வண்டியில நடுவுல, கியர் லீவர் பக்கம் தரையோட ஒட்டித்தான் இருக்கும். கார்பெட்டுக்கு மேல ஒரு ஜாண் தண்ணி நின்னாலே அது முழுகிரும். சாவி போட்டதும் ஏர்பேக் லைட்டு எரிஞ்சு, செத்த நேரத்துல அணையணும். எரியவே இல்லன்னாலும் தப்பு, அணையலன்னாலும் தப்பு, சில பேரு அந்த லைட்டை வேற லைட்டோட இணைச்சு விட்டிருவான், அப்போ ரெண்டும் ஒண்ணா எரிஞ்சு ஒண்ணா அணையும், அதைக் கவனிங்க. வயரிங் கப்ளர் ஒண்ணு ரெண்ட கழட்டிப் பாத்தா பின்னுல பச்சை பச்சையா பூத்திருக்கும், அது இன்னைக்கு வேலை செய்யும், அடுத்த மழைக்கு செய்யாது. எங்க பக்கம் உப்பளத்துத் தண்ணி கலந்த ஏரியா வண்டின்னா அது இன்னும் வேகமா போயிரும்.

பழைய_கார்_பிரியன்

எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா தண்ணி பட்ட வண்டின்னாலே குப்பைன்னு ஒரு பயத்தைக் கிளப்பறாங்களே, அதுல எனக்கு உடன்பாடு இல்லை. 2015 டிசம்பர்ல எங்க ஸ்விஃப்ட் சைதாப்பேட்டையில தண்ணியில நின்னுச்சு, கார்பெட் வரைக்கும் தான் தண்ணி, ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணி எடுத்துட்டுப் போய் சீட்டெல்லாம் கழட்டி காய வச்சு ஆயில் மாத்தி எடுத்தோம், அதுக்கப்புறம் ஏழு வருஷம் ஓட்டினோம், விக்கும்போது பில்லோட சொல்லித்தான் வித்தோம், வாங்கினவரு விலையைக் குறைச்சு வாங்கிட்டு இன்னைக்கும் ஓட்டிட்டு இருக்காரு. தண்ணி எவ்வளவு உயரம், எத்தனை நாள், முழுகின பிறகு எவனாவது ஸ்டார்ட் பண்ணினானா, இந்த மூணுதான் கேள்வி.

நெல்லை_ஒர்க்‌ஷாப்

நீங்க சொல்லுதது நியாயம். மூணாவது தான் முக்கியம். நிப்பாட்டி வச்ச வண்டி முழுகினா இன்ஜினைக் காப்பாத்திரலாம். தண்ணிக்குள்ள ஓட்டினவன், இல்லாட்டி முழுகின வண்டிய மறுநாள் செல்ஃப் அடிச்சுப் பாத்தவன், அவன் வண்டிதான் ஆபத்து. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிட்டா பிஸ்டன் மேல வரும்போது காத்து மாதிரி தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளஞ்சு போவும். ரொம்ப வளஞ்சா அங்கனயே நின்னுரும். லேசா வளஞ்சா தான் மோசம், ஓடும், ஐடில்ல சின்ன ஆட்டம் இருக்கும், நாலஞ்சாயிரம் கிமீ கழிச்சு ஹைவேல போகும்போது ராடு உடைஞ்சு பிளாக்கைக் கிழிச்சுட்டு வெளிய வரும். டெஸ்ட் டிரைவுல பத்து நிமிசம் ஓட்டுதவனுக்கு இது எப்படி தெரியும்? கம்ப்ரெஷன் டெஸ்ட் போட்டா ஒரு சிலிண்டர் மட்டும் கொறைவா காட்டும். தம்பி பாக்குதது சிவிடி வேற, கியர்பாக்ஸ் பிரீதர் (காத்து போற குழாய்) வழியா தண்ணி போயிருந்தா ஆயில் கலங்கிரும், பொறவு அந்த பாக்ஸு மாத்துதது தான் வழி, அது என்ன விலைன்னு சர்வீஸ்ல ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க.

சர்வே_ரிப்போர்ட்

மோட்டார் இன்சூரன்ஸ் சர்வே வேலையில இருக்கேன், அதனால வண்டியை விட பேப்பர்ல எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், இது பெரும்பாலும் யாரும் கேட்கிறதில்ல.

வெள்ளத்துல முழுகின வண்டிக்கு ரிப்பேர் செலவு ஐடிவியில (பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினா டோட்டல் லாஸ்னு போட்டுருவோம். ஓனருக்கு ஐடிவி பணம் போயிடும், அந்த வண்டி சால்வேஜ், அதாவது சேதமான வண்டின்னு ஏலத்துக்குப் போகும். அந்த ஏலத்துல ஆர்சியோட வந்தா ஒரு விலை, ஆர்சி இல்லாம வந்தா ஒரு விலை. ஆர்சியோட வர்றதுக்கு ஏன் அதிகமா குடுக்கறாங்கன்னு யோசிச்சீங்கன்னா மீதிக் கதை புரியும். உடைச்சு ஸ்பேர் விக்கறவனுக்கு ஆர்சி எதுக்கு? மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவுல, அழிஞ்சு போன, இனிமே ஓட்டவே முடியாத வண்டியை ஓனர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும்னு இருக்கு. ஆனா ரிப்பேர் பண்ணினா ஓடும்னு சொல்லிட்டா அது அழிஞ்ச வண்டி கணக்குல வராது. அந்த சந்துல தான் இத்தனை வண்டியும் திரும்ப ரோட்டுக்கு வருது.

இப்ப உங்களுக்கு வேண்டியது. டீலர்கிட்ட இப்ப ஓடுற பாலிசியை மட்டும் வாங்காதீங்க, 2023லயும் 2024லயும் இருந்த பாலிசி காப்பி ரெண்டையும் கேளுங்க. அதுல என்சிபின்னு, அதாவது கிளெய்ம் பண்ணாததுக்குக் குடுக்கற தள்ளுபடி சதவீதம்னு, ஒரு வரி இருக்கும். கிளெய்ம் பண்ணாத வருஷத்துக்கு 20, 25, 35, 45, 50னு ஏறிட்டே போகும், ஒரு கிளெய்ம் போட்டாலும் சாதாரணமா அடுத்த ரினியூவல்ல ஜீரோ ஆயிடும். 2019 வண்டி, ஒரே ஓனர், நாலஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லன்னா 2024ல நல்ல சதவீதத்துல இருக்கணும். 2023 பாலிசியில 35ன்னு இருந்து 2024ல ஜீரோன்னு வந்தா நடுவுல கிளெய்ம் நடந்திருக்கு. என்சிபி புரொடெக்ஷன் ஆட்-ஆன் இருந்தா கிளெய்முக்கு அப்புறமும் என்சிபி அப்படியே இருந்து ஏமாத்தும், தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா என்சிபியே இருக்காது, அதையும் பார்த்துக்கோங்க. தேர்ட் பார்ட்டி பாலிசியில வெள்ளத்துக்குப் பைசா வராது, அந்த ஓனர் கைக்காசு போட்டு எவ்வளவு கம்மியா முடியுமோ அப்படித்தான் ரிப்பேர் பண்ணியிருப்பாரு.

அடுத்தது கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி. வண்டி நம்பர் குடுத்து, ஓனர் சம்மதத்தோட கேட்டா எடுத்துத் தருவாங்க. 2023 டிசம்பர்ல இருந்து 2024 மார்ச் வரைக்கும் வரி வரியா படிங்க. வயரிங் ஹார்னஸ் (வயர் கட்டு), கார்பெட், இசியூ (இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்), ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் ஒரே பில்லுல வந்திருந்தா வேற காரணம் தேடவே வேண்டாம். சர்வீஸ் தவறாம விட்ட வண்டி 2023 அக்டோபரோட ஹிஸ்டரி நின்னு போயிருந்தா, அதையும் கேளுங்க, ஏன்னா வெளிய குடுத்து பண்ணியிருக்கலாம்.

ஓஎம்ஆர்_பயணி

எங்க மச்சான் இப்படி ஒண்ணு வாங்கி அனுபவிச்சுட்டு இருக்காரு, அதனால வயிறு எரிஞ்சு எழுதறேன். ஒரு டீலர்கிட்ட வாங்கினாரு, முதல் ரெண்டு மாசம் ஒண்ணும் இல்ல, அப்புறம் ராத்திரி ஓட்டிட்டு வரும்போது ஹெட்லைட் தானா அணையுது, பவர் விண்டோ தானா இறங்குது, ஒரு நாள் நடு ரோட்ல ஸ்டியரிங் இறுகிப்போச்சு, வண்டிக்குள்ள என் தங்கச்சியும் ரெண்டு குழந்தைங்களும். டோர் பேடை கழட்டினா ஸ்பீக்கர் மேல வரைக்கும் சேறு காஞ்சு படிஞ்சிருக்கு. டீலர்கிட்ட போனா பார்த்துத்தானே வாங்கினீங்கன்னு சொல்றாங்க. இன்சூரன்ஸ்ல கேட்டா எலக்ட்ரிக்கல் மெக்கானிக்கல் பிரேக்டவுன் பாலிசியில வராதுங்கறாங்க. இது பண நஷ்டம் மட்டும் இல்லைங்க. ஏர்பேக் வேலை செய்யாத வண்டின்னு தெரிஞ்சே ஒரு குடும்பத்துக்கு விக்கறவங்களை என்னன்னு சொல்றது.

இப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டிருக்கோம். டீலர்கிட்ட வாங்கினா அங்க போகலாம், 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரைக்குமான வண்டிக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், 1915க்கு ஃபோன் பண்ணினா வழி சொல்றாங்க. தனி ஆள்கிட்ட நேரா வாங்கினா அங்க போக முடியாது, தெரிஞ்சே மறைச்சு வித்தான்னு சிவில் கோர்ட்டுக்கோ, மோசடின்னு போலீஸுக்கோ தான் போகணும், மறைச்சான்னு நிரூபிக்கிறதும் நம்ம தலையில. எங்க வக்கீல் முதல்ல கேட்டதே, அக்ரிமென்ட்ல வெள்ளத்தைப் பத்தி ஒரு வரியாவது இருக்கான்னு தான். இல்ல. இருந்திருந்தா கேஸ் பாதி சுலபம்னாரு.

ஒண்டிபுதூர்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அட்வான்ஸ் போடல. தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு இன்னைக்குப் போனேன்.

வெயில்ல நிறுத்தறதுக்கு டீலர் ஒத்துக்கல, ஷெட்டுக்குள்ளயே பாருங்கன்னுட்டாங்க. சீட் பெல்ட் முன்னாடி ரெண்டும் இழுத்துப் பார்த்தோம், சுத்தமா இருந்துச்சு, பரவால்லையேன்னு நினைச்சேன், லேபிளைத் திருப்பினா டிரைவர் பக்கமும் பக்கத்து சீட்டும் ரெண்டுமே 2024. பின்னாடி பெல்ட் பழசு, அதுல 2019 தான் போட்டிருக்குது, ஆனா முழுசா இழுத்ததும் கடைசி ஒரு முழம் பழுப்பு. அண்ணன் அந்த பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கினாரு, கார்பெட் புதுசு, ஃபோம் புதுசு, ஆனா அதுக்கடியில போற வயர் கட்டுல சுத்தியிருக்கற டேப்புக்குள்ள மண்ணு. நகத்துல சுரண்டி எடுத்துக் காட்டினாரு. பெடலுக்கு மேல ஸ்க்ரூ எல்லாம் துரு. ஸ்கேனர் மாட்டினதுல ஃபால்ட் கோடு ஒண்ணும் வரல, ஆனா சமீபத்துல தான் கோடு அழிச்சிருக்காங்க, அதுக்கப்புறம் வண்டி தானா பண்ணிக்கிற செல்ஃப் டெஸ்ட் எதுவும் இன்னும் முடியலைன்னு காட்டுதுன்னாரு.

என்சிபி கேட்டேங்க சார். பழைய பாலிசி எல்லாம் எதுக்கு, வேற யாரும் கேட்டதில்லையேன்னாங்க. ஓனரோட வாட்ஸ்அப்ல இருந்து வாங்கிக் குடுங்கன்னு உட்கார்ந்துட்டேன். 2023 பாலிசியில 45, 2024ல ஜீரோ. கேட்டா பம்பர் உரசினதுக்கு சின்ன கிளெய்ம்னாங்க. அப்ப அக்ரிமென்ட்ல வெள்ளத்துல நிற்கல, அப்படித் தெரிய வந்தா பணத்தைத் திருப்பித் தர்றோம்னு ஒரு வரி எழுதுங்கன்னு சொன்னேன். எழுத மாட்டோம்னுட்டாங்க. கிளம்பும்போது 4.60க்கு எடுத்துக்கறீங்களான்னாங்க. வேண்டாம்னு வந்துட்டேன்.

பழைய_கார்_பிரியன்

நல்ல முடிவு. இவங்க முதல்லயே, தண்ணி சீட் வரைக்கும் வந்தது, இன்னின்ன மாத்தினோம், இதோ பில்லுன்னு சொல்லி 3 லட்சம்னு விலை போட்டிருந்தா, வேலை தெரிஞ்ச ஒருத்தன் எடுத்திருப்பான். மறைச்சு விக்கறது தான் எல்லா ஓனரையும் சந்தேகப்பட வைக்குது.

மடிப்பாக்கம்_மழை

தம்பி, அதே வண்டி அடுத்த வாரம் வேற யாராவது வாங்குவாங்க, அதை நினைச்சாதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி டீலருங்க ஆர்டிஓகிட்ட பதிவு வாங்கணும்னு ரூல் வந்தாச்சு, வண்டி கைக்கு வந்ததும் ஆன்லைன்ல தெரிவிக்கணும். அந்தப் பதிவு இருக்கான்னு அடுத்த டீலர்கிட்ட முதல்லயே கேளுங்க. கிருஷ்ணகிரி பக்கம் ஊத்தங்கரையில 2024 டிசம்பர்ல நிறுத்தியிருந்த வண்டிங்க தண்ணியில அடிச்சுட்டுப் போச்சு பாருங்க, அதனால சென்னை நம்பர் மட்டும் பார்த்து ஒதுக்கினா போதாது, எந்த நம்பர் வண்டியா இருந்தாலும் பெல்ட்டை இழுத்துப் பாருங்க.

வரதராஜபுரம்_வாசி

குறுக்க ஒரு கேள்வி. எங்க கார் மிக்ஜாம்ல டோட்டல் லாஸ் ஆச்சு, பணம் வந்துருச்சு, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்த இழையைப் படிச்சதும் பரிவாகன்ல பார்த்தேன், இன்னும் என் பேர்ல தான் இருக்கு. இது பிரச்சனையா?

சர்வே_ரிப்போர்ட்

ஆமா, உடனே பாருங்க. அந்த வண்டியை யாராவது ஓட்டிட்டு இருந்து ஆக்சிடென்ட் ஆச்சுன்னா, ஆர்சி உங்க பேர்ல இருக்கற வரைக்கும் நோட்டீஸ் உங்களுக்குத் தான் வரும், இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னா நஷ்ட ஈடும் உங்க தலையில விழலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல கேளுங்க, சால்வேஜ் யாருக்குக் குடுத்தீங்க, என்ன தேதி, ஆர்சியோட குடுத்தீங்களான்னு. அந்த லெட்டர், டெலிவரி குடுத்தப்போ கையெழுத்து வாங்கின பேப்பர், கிளெய்ம் செட்டில்மென்ட் லெட்டர் மூணையும் வச்சு உங்க ஆர்டிஓவுல மனு குடுங்க, அக்னாலெட்ஜ்மென்ட் சீல் வாங்காம வராதீங்க. இனிமே யாருக்காவது டோட்டல் லாஸ் வந்துச்சுன்னா, ஆர்சி கேன்சல் பண்ணிட்டு வண்டியைக் குடுக்கறேன்னு முதல்லயே சொல்லுங்க. ஏலத்துல விலை குறையும்னு சொல்லி உங்ககிட்ட பேரம் பேசுவாங்க. பேசட்டும், நீங்க விடாதீங்க.